ஏழு நாள் பொறுப்பு

காரைக்கால்ல இறங்கி "மீன்பாய் கடை எங்க இருக்கு"ன்னு கேட்டா பாதிப்பேரு மார்க்கெட்டுப் பக்கம் கையைக் காட்டுவாங்க. அங்க போய் நின்னா வஞ்சிரமும் சங்கராவும்தான் கிடக்கும். நான் சொல்றவரு வளர்ப்பு மீன் வித்தவரு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, ஜெராக்ஸ் கடைக்கும் தையக்கடைக்கும் நடுவுல அவரு கடை. ஒருத்தர் வெளிய வந்தாத்தான் இன்னொருத்தர் உள்ள போவ முடியும், அவ்வளவுதான் அகலம். கோட்டுச்சேரிமேட்டுலேர்ந்து எங்க ஆபீசு வாசல்ல மீன் கொண்டாந்து விக்கிற அக்கா ஒருநாள் என் கையில இருந்த கவரைப் பாத்துட்டு, "அடியாத்தி, இதைக் கொழம்பு வச்சா கரண்டிக்கே பத்தாதேம்மா"ன்னு சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

அவரு பேரு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். நான் பண்ணி வச்ச காரியத்துக்கு அவரு பேரை வேற என் வாயால சொல்லணுமாக்கும்.

மீன் வளக்கணும்னு எனக்கு எந்த ஆசையும் கிடையாது. டாக்டரம்மா சொன்னது அது. எனக்குக் கோவம் மூக்கு மேல நிக்கும். ஆபீசுல ஃபைலைத் தூக்கிப் போட்டுட்டேன், பஸ்ஸுல கண்டக்டரோட மல்லுக்கு நின்னுட்டேன், கடைசியில பிரஷர் வந்து படுத்துட்டேன். டாக்டரம்மா மாத்திரையை எழுதிட்டு, "வீட்டுல ஒரு மீன்தொட்டி வைங்க, தினம் அரைமணி நேரம் வாயைத் திறக்காம அதைப் பாருங்க"ன்னாங்க. எங்க வீட்டுக்காரரு பக்கத்துல உக்காந்துகிட்டு, "அது சரி, அந்த மீனுக்கு பிரஷர் வந்தா யாருகிட்ட காட்டுறது"ன்னு கேட்டாரு. வெளிய வந்து அவருக்கு வாங்கிக் கட்டிக்கிற யோகம்.

முதல் நாள் போனப்ப தொட்டி, கல்லு, காத்துக் குழாய், எல்லாம் எடுத்துக் குடுத்தாரு. மீனை மட்டும் குடுக்கல. "பத்து நாள் கழிச்சு வாங்க தங்கச்சி"ன்னாரு. எனக்கு சுர்ருன்னு வந்துச்சு. காசு குடுக்குறேன், கண்ணு முன்னாடி மீன் நீந்துது, பத்து நாளு என்னத்துக்கு? "தொட்டித் தண்ணி மொதல்ல பழகணும். பழகாத தண்ணியில விட்டீங்கன்னா மூணாம் நாளு மவுத்தாயிடும்"ன்னாரு. செத்துப் போச்சுன்னு அவரு வாயில வராது. மீனா இருந்தாலும் மவுத்துதான், மனுசனா இருந்தாலும் மவுத்துதான்.

பத்து நாள் கழிச்சு ஒரு பாட்டில்ல எங்க வீட்டுத் தொட்டித் தண்ணிய எடுத்துட்டுப் போனேன். அவரு அதுல ஒரு விரலை முக்கி நாக்குல வச்சாரு. "வரிச்சிக்குடியா?"ன்னாரு. நான் ஊரைச் சொல்லவே இல்ல. கடற்கரைப் பக்கம்னா உப்பு நுனி நாக்குல நிக்குமாம், திருநள்ளாறு பக்கம்னா இனிப்பாம், எங்க ஊருத் தண்ணி நாக்குக்கு அடியில போய்த்தான் கரிக்குமாம். தண்ணிய நக்கிப் பாத்து ஊரு சொல்ற ஆளுகிட்ட நான் எங்க சண்டை போடுறது?

மீன் வாங்குறதுக்கு அவருகிட்ட ஒரு படிப்பே படிக்கணும். சும்மா "அந்த சிவப்பு மீனைக் குடுங்க"ன்னா குடுக்க மாட்டாரு. "நில்லுங்க, பாருங்க"ம்பாரு. ஒரு மீனைப் பாக்கக் கூடாது, தொட்டி முழுக்கப் பாக்கணும். ஒண்ணு மூலையில ஒண்டிக்கிட்டு நின்னாலும் அந்தத் தொட்டியில எதையும் வாங்கக் கூடாது. துடுப்பை மடிச்சு வச்சுக்கிட்டு இருக்கா, கல்லுல போய் உடம்பை உரசுதா, மேல வந்து வாயைப் பிளக்குதா, வயிறு ஒட்டிப் போயிருக்கா. "உடம்புல உப்பைத் தூவுனாப்ல வெள்ளைப் புள்ளி தெரிஞ்சுதுன்னா சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க, அது ஒட்டிக்கிற சீக்கு. இங்கன்னு இல்ல, எங்கயும்"ம்பாரு. அப்புறம் ஒரு சிட்டிகை தீனியைப் போடுவாரு. நம்ம கேட்ட மீன் வந்து தின்னாத்தான் வலையையே எடுப்பாரு. தின்னலன்னா, "இன்னிக்கு இவுங்களுக்கு மனசில்ல, நாளைக்கு வாங்க"தான். சென்னையிலேர்ந்து புது மீன் வந்தா அந்தத் தொட்டிக்கு மேல ஒரு பழைய புடவையைப் போட்டு மூடிடுவாரு. பத்து நாளைக்கு எட்டிப் பாத்தாக்கூடப் பிடிக்காது.

இவ்வளவு பாத்துக் குடுக்குறதால பொறுப்பும் எடுத்துக்குவாரு. கடை முகப்புல பலகை மாட்டியிருந்தாரு. "ஏழு நாள் பொறுப்பு எங்களுடையது. இறந்த மீனோடு தொட்டித் தண்ணீரும் கொண்டு வரவும்." அவ்வளவுதான் சட்டம். மீனைக் கொண்டு போய்க் குடுத்தா ஒரே ஒரு கேள்வி கேப்பாரு.

"வேற மீன் எதுவும் விட்டீங்களா?"

இல்லன்னா, "அப்ப சரி"ன்னுட்டு அங்கயே வேற மீன் குடுத்துடுவாரு. வேற எங்கயோ வாங்குன மீனைக் கலந்து விட்டேன்னு சொன்னா பதிலுக்கு மீன் கிடையாது. ஆனா திட்டவும் மாட்டாரு. மிச்ச மீனைக் கொண்டாரச் சொல்லி, கொல்லைப்பக்கம் இருக்குற ஒரு நீல டிரம்முல விட்டு வைத்தியம் பாத்துத் திருப்பிக் குடுப்பாரு. அந்த டிரம்முக்குத் தனி வலை, தனிக் குவளை. கையைக் கழுவாம அங்கேருந்து முன்னாடி வர மாட்டாரு. ஏன்னா கடையில இருக்குற தொட்டி எல்லாத்துக்கும் ஒரே குழாய்தான். ஒரு தொட்டித் தண்ணி சுத்திக்கிட்டுப் போய் எல்லாத் தொட்டியிலயும் விழும். இடம் இல்லாத கடையில அப்படித்தான் அமைச்சிருந்தாரு.

சுரக்குடிக்காரரு ஒருத்தர் இருந்தாரு, விவசாயம். பேரனுக்குன்னு தங்கமீன் ரெண்டு வாங்கிட்டுப் போனவரு, வயல் வாய்க்கால்ல துண்டை விரிச்சு நாலு கெண்டைக் குஞ்சைப் புடிச்சாந்து அதே தொட்டியில விட்டுட்டாரு. ஒரு தங்கமீன் போச்சு. இன்னொண்ணைத் தூக்குவாளியில கொண்டு வந்து நிக்கிறாரு. பாய் வழக்கம்போலக் கேட்டாரு. "ஆமாங்க பாய், நம்ம வாய்க்கால் கெண்டைதான, சொந்த ஊரு மீனு, என்ன பண்ணிடப் போவுதுன்னு விட்டுப்புட்டேன்"னாரு அந்த மனுசன். பாய் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. நானும் அங்க இருந்தேன். அந்தத் தங்கமீன் நீல டிரம்முக்குப் போச்சு.

இன்னொரு நாளு ஒரு பெரியவரு வந்தாரு. பிரான்சு பென்ஷன்காரரு, தொப்பியும் வாக்கிங் குச்சியுமா. வாங்கி ஆறு நாள்தான் ஆவுதுன்னு செத்த மீனை நீட்டுனாரு. எனக்கு நல்லாத் தெரியும், அவரு வாங்குன அன்னிக்கு நானும் கடையில இருந்தேன், ஒம்பது நாள் ஆயிடுச்சு. பாய் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுட்டு வேற மீனைப் புடிச்சுக் குடுத்தாரு. பெரியவரு படி இறங்குனதும் நான் புடிச்சுக்கிட்டேன். "என்ன பாய் நீங்க, பச்சைப் பொய் சொல்றாரு, தலையை ஆட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

"அவரு ஆறுன்னு சொல்றாரு தங்கச்சி."

"ஒம்பது. நான் சத்தியம் பண்ணுறேன்."

"இருக்கட்டும். ஒரு மனுசன் என்கிட்ட சொல்ற வார்த்தை அமானிதம். பத்திரமா வச்சுக்கன்னு நம்பிக் குடுக்குற பொருள் மாதிரி. அதை நான் பிரிச்சுப் பாக்கக் கூடாது. பொய்யைச் சுத்திக் குடுத்திருந்தா அதுக்குக் கேள்வி அவருக்கு, எனக்கு இல்ல."

"இப்படியே இருந்தீங்கன்னா கடையை மூட வேண்டியதுதான்."

"மூடுனா விமானம் ஏறணும். அல்லாஹ் அந்த நெலமையை மட்டும் குடுக்கக் கூடாது"ன்னு சிரிச்சாரு. ஆனா அது சிரிப்பு இல்ல.

அந்த விமானக் கதை கடைக்கு வர்ற எல்லாருக்கும் தெரியும். இருபத்திரெண்டு வருசம் துபாய்ல இருந்தாரு. ஏதோ ஒரு பெரிய ஓட்டல்ல, சுவத்தளவுக்கு மீன்தொட்டி இருக்குமாமே, அதுக்குள்ள இறங்கிக் கழுவுற வேலை. கல்யாணம் பண்ணி முப்பத்தேழு நாள்ல போனவரு. மூத்த பொண்ணை முதல்முதல்ல பாத்தப்ப அதுக்கு ரெண்டு வயசு, இவரைப் பாத்து வீறிட்டு அழுதுட்டு ஓடுச்சாம். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் புள்ளையத் தூக்கி வச்சுக்கிட்டு மீனைக் காட்டுவான். நான் இந்தப் பக்கம் தண்ணிக்குள்ள இருப்பேன். புள்ள என்னையும் மீன்னு நெனச்சுக் கையாட்டும்"னு ஒருநாள் சொன்னாரு. வாப்பா இல்லாமயே வளந்த மூத்தவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. ரெண்டாவது பொண்ணு ஒம்பதாவது படிச்சுக்கிட்டு இருந்துச்சு. "இவளையாவது கூட இருந்து வளக்கணும். இந்தக் கடை நிக்கிற வரைக்கும் நான் போவ மாட்டேன். வீட்டுல சொல்லிட்டேன்"ம்பாரு. அந்தப் பொண்ணு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து கடை வாசல்ல சைக்கிளை நிறுத்தி மணியடிக்கும். இவரு கையில என்ன வேலை இருந்தாலும் போட்டுட்டு வெளிய எட்டிப் பாப்பாரு. வியாபாரம் நடுவுல நின்னா எனக்குக் கோவம் வரும். அவரு மொகத்தைப் பாத்தா அடங்கிடும்.

ஒரு வருசம் நான் கப்பி மீன்தான் வச்சிருந்தேன். அது குட்டி போட்டுக் குட்டி போட்டு ஆபீஸ்ல கேட்டவங்க கேக்காதவங்க எல்லாருக்கும் குடுத்துட்டேன். அப்புறம் ஏஞ்சல் மேல ஆசை வந்துச்சு. கடையில மேல் தட்டுத் தொட்டியில ஒரு ஏஞ்சல் ஜோடி இருக்கும், உள்ளங்கை அகலம், வெள்ளியில கறுப்புக் கோடு. விக்கிறதுக்கு இல்ல. கடை தொறந்த அன்னிக்கு வாங்கி விட்டதாம். காரைக்கால்ல எந்த வீட்டுல ஏஞ்சல் இருந்தாலும் இந்த ஜோடி போட்டதுதான். அதோட குஞ்சுல ஆறு எனக்குக் குடுத்தாரு. அந்த ஆறு தவிர என் தொட்டியில வேற எதுவும் இல்ல. வாங்கும்போதே, "ஒரு மாசத்துக்கு வேற மீன் எதுவும் விடாதீங்க தங்கச்சி. வேணும்னா எங்கிட்ட கேளுங்க"ன்னாரு. தலையை ஆட்டிட்டுத்தான் வந்தேன்.

மறுநாளு மாங்கனித் திருவிழா.

வருசா வருசம் போறதுதான். பிச்சாண்டவர் வீதியில வர, மாடியிலேருந்து மாம்பழம் எறிவாங்க, அதைப் புடிக்க ஊரே கையைத் தூக்கிக்கிட்டு நிக்கும். எனக்கு ஒரு பழம் நெத்தியில விழுந்துச்சு. அந்தச் சந்தோசத்துல கடைத்தெருவுல நடந்து வர்றேன். வளையல் கடை, பலூன் கடை, அதுக்கு நடுவுல ஒருத்தன் கயிறு கட்டிப் பாலிதீன் கவர்ல மீனைத் தொங்க விட்டிருக்கான். அதுல ஒரு கறுப்பு மீன். கன்னங்கரேல்னு, உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளி, நீலத் தார்ப்பாய்க்குக் கீழ அப்படி மின்னுது. "அக்கா, இது ஸ்டார் மோலி. வானத்துல நட்சத்திரம் மாதிரி இருக்கு பாருங்க. காரைக்கால்லயே வேற எங்கயும் கிடைக்காது"ன்னான்.

உப்பைத் தூவுனாப்ல. அதே வார்த்தைதான். ஒரு வருசமா எனக்குப் பாடம் எடுத்த மனுசன் சொன்ன அதே வார்த்தை. என் புத்தி எங்க மேயப் போச்சோ தெரியல. ஒரு கையில மாம்பழம், ஒரு கையில மோலி, வீட்டுக்கு வந்து தொட்டியில விட்டுட்டு எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுனேன். "நல்லாத்தான் இருக்கு, பாய்கிட்ட கேட்டியா"ன்னாரு. "எல்லாத்துக்கும் அவருகிட்ட கேட்டுக்கிட்டுத்தான் இருக்கணுமா"ன்னு எரிஞ்சு விழுந்தேன்.

நாலாம் நாளு மோலி செத்து மிதந்துச்சு. ஆறாம் நாளு காலையில ஏஞ்சல்ல ரெண்டு அடியில கிடக்குது. மிச்ச நாலும் துடுப்பை மடிச்சுக்கிட்டு மூலையில நிக்குது. நாளையோட ஏழு நாள் முடியுது. மோலியைக் கொல்லையில வாழை மரத்தடியில புதைச்சு ரெண்டு நாள் ஆச்சு, அது யாருக்கும் தெரியாது. செத்ததை ஒரு கவர்ல, உயிரோட இருந்த நாலை இன்னொரு கவர்ல போட்டுக்கிட்டு ஆபீசுக்கு அரைநாள் லீவு சொல்லிட்டுப் போனேன்.

பாய் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு கவரை வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. தண்ணிய நாக்குல வச்சுப் பாத்தாரு. "தண்ணி நல்லாத்தான இருக்கு"ன்னாரு. உயிரோட இருந்ததுல ஒண்ணோட வாலை ரொம்ப நேரம் பாத்தாரு.

"இங்க ஒரு புள்ளி மாதிரி தெரியுதே தங்கச்சி."

நான் கைப்பையோட வாரை இழுத்துச் சரி பண்ணிக்கிட்டேன்.

"வேற மீன் எதுவும் விட்டீங்களா?"

"இல்ல பாய்"ன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? செத்த ரெண்டு மீனுக்குப் பதில் கிடைக்கும்னு ஆசைப்பட்டா? அதுகூட இல்ல. ஒரு வருசம் பக்கத்துல நின்னு படிச்சுட்டு, புள்ளி போட்ட மீனைத் திருவிழாக் கடையில வாங்குனேன்னு அவரு முன்னாடி சொல்லக் கூச்சமா இருந்துச்சு. பென்ஷன்காரப் பெரியவருக்கு அப்படிப் பொங்குனவ நான். அந்த வாயால எப்படிச் சொல்றது?

அவரு என் மொகத்தைப் பாத்தாரு, திரும்ப வாலைப் பாத்தாரு. "அப்ப சரி. எங்கயாவது உரசியிருக்கும். அந்த அடிதான் வெளுத்துத் தெரியுது"ன்னாரு. கண்ணாடியைக் கழட்டி சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு. "இது நாலும் பயந்து போயிருக்கு. அம்மா வீட்டுல பத்து நாள் இருக்கட்டும், தேத்தி, மவுத்தான ரெண்டுக்கும் பதில் சேத்துத் தர்றேன்"னு சொல்லி, நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே, மேல் தட்டுத் தொட்டியில அந்த ஜோடிக்குப் பக்கத்துல கவரை மிதக்க விட்டாரு. அரை மணி நேரம் கழிச்சு முடிச்சை அவுத்து விட்டாரு. அந்த அரை மணி நேரமும் நான் ஸ்டூல் மேல உக்காந்திருந்தேன். வாயைத் தொறந்திருந்தா போதும். தொறக்கல. எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு, குடிச்சேன்.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஒரு வாரத்துல மொதல்ல அந்த ஜோடி போச்சு. அப்புறம் கீழ்த் தட்டு, எதிர்த் தட்டு. ஒரே குழாய் இல்லையா. அந்த வாரம் அவருகிட்ட மீன் வாங்குனவங்க வீட்டுலயும் சாவு. திருநள்ளாறுலேருந்து வர்றாங்க, கோட்டுச்சேரியிலேருந்து வர்றாங்க, கையில கவரைப் புடிச்சுக்கிட்டு வாசல்ல வரிசை. ஒவ்வொருத்தர்கிட்டயும் அதே கேள்வி. ஒவ்வொருத்தரும் இல்லன்னாங்க. அவங்க எல்லாரும் நெசத்தைத்தான் சொன்னாங்க. இவரும் "அப்ப சரி, அப்ப சரி"ன்னு இருக்குறதுல நல்லதாப் பாத்துப் புடிச்சுக் குடுத்தாரு. குடுத்ததும் மூணு நாள்ல செத்துச்சு. திரும்பவும் வந்தாங்க. இவரு உப்புப் போட்டுப் பாத்தாரு, மருந்து விட்டுப் பாத்தாரு, சூடு ஏத்திப் பாத்தாரு. சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்குப் போவல. ஒரு தொட்டியைக் காப்பாத்துனா அடுத்த தொட்டித் தண்ணி வந்து விழுது.

நெசத்தைச் சொல்லிடணும்னு ரெண்டு தடவை போனேன். முதல் தடவை கடை நிறையக் கூட்டம். ஒரு அம்மா, "ஏழு நாள் பொறுப்புன்னு எழுதிப் போட்டுட்டு சீக்கு மீனை விக்கிறீங்களே, நெஞ்சுல கை வச்சுச் சொல்லுங்க"ன்னு கத்திக்கிட்டு நிக்கிறாங்க. அவரு "எந் தப்புதான்மா, மன்னிச்சுக்குங்க"ங்குறாரு. அந்தம்மா தலைமுடியைப் புடிச்சு ஆஞ்சுடலாம் போல எனக்கு வந்துச்சு. என்னமோ தப்புப் பண்ணுனது அந்தம்மா மாதிரி. என்னைப் பாத்ததும், "உங்க நாலையும் காப்பாத்த முடியலயே தங்கச்சி"ன்னாரு. நான் அழுதுட்டு வந்துட்டேன். ரெண்டாவது தடவை போனப்ப வாசல் பலகையைக் கழட்டிக்கிட்டு இருந்தாரு. அவரு பொண்ணு கீழ நின்னு ஸ்டூலைப் புடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அது முன்னாடி எப்படிச் சொல்றதுன்னு அப்படியே தையக்கடைக்குள்ள புகுந்து, வேணாத ஒரு ரவிக்கையை அளவு குடுத்துட்டு வந்தேன்.

பாய்க்கு விசா வந்துடுச்சுன்னு ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாஸ்போர்ட்டை நகல் எடுக்க வந்தாராம். அதே ஓட்டலாம், அதே வேலையாம். அன்னிக்கு மதியமே போனேன். கடையில ஒரு தொட்டியிலயும் தண்ணி இல்ல. கண்ணாடியைத் தேச்சுக் காய வச்சுக்கிட்டு இருந்தாரு. யாரும் இல்ல.

"பாய், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க தங்கச்சி."

சொன்னேன். மாங்கனியிலேருந்து வாழை மரம் வரைக்கும் ஒண்ணு விடாம. "அன்னிக்கு நீங்க கேட்டப்ப இல்லன்னு சொன்னேன்ல, அது பொய்யி. நான்தான் உங்க கடையை அழிச்சேன்"னேன். திட்டட்டும், தொட்டியைத் தூக்கி என் தலையில போடட்டும்னு நின்னேன்.

அவரு துணியை மடிச்சு வச்சாரு. என்னைப் பாத்துச் சிரிச்சாரு.

"சும்மா இருங்க தங்கச்சி."

"பாய், நெசமாத்தான் சொல்றேன்."

"நான் மனசொடிஞ்சு கெடக்குறேன்னு பாத்துட்டு, பழியைத் தூக்கி உங்க தலையில வச்சுக்கிறீங்க. உங்க நல்ல மனசு. ஆனா எனக்கு அது வேணாம்."

"எங்க வீட்டுக்காரரு மேல சத்தியமா!"

"சத்தியமெல்லாம் பண்ணாதீங்க, அவரு நல்லா இருக்கணும்." கையை நீட்டித் தடுத்துட்டாரு. "நான்தான் உங்ககிட்ட அன்னிக்கே கேட்டேனே. இல்லன்னு சொன்னீங்களே. அதுக்கு மேல என்ன இருக்கு? தப்பு எந் தண்ணியில. புடவை போட்டு மூடி வச்ச தொட்டியில ஏதோ ஒண்ணை நான் கவனிக்காம விட்டிருக்கேன். இன்னொருத்தர் மேல பழியைப் போட்டுட்டுப் போனா அங்க போய் என்னால நிம்மதியாத் தொழுவ முடியாது."

எனக்குக் கோவம் வந்துடுச்சு. அந்த நேரத்துலயும் பாருங்க, கோவம். "ஏன் பாய் நம்ப மாட்டேங்குறீங்க? உப்பைத் தூவுனாப்ல புள்ளி! கறுப்பு மீனு! வாழை மரத்தடியில தோண்டிக் காட்டட்டுமா?"ன்னு கத்துனேன். தையக்கடை மிஷின் சத்தம் நின்னு போச்சு. அவரு ஒரு புள்ளையச் சமாதானம் பண்றாப்ல, "சரி, சரி, உக்காருங்க, பிரஷர் ஏறப் போவுது"ன்னு ஸ்டூலைத் தள்ளி விட்டாரு. அந்த மனுசனை நான் என்ன பண்ணுவேன்? பொய்யைச் சொன்னப்ப தன் கண்ணையே வேணாம்னுட்டு நம்புனவரு. நெசத்தைக் கொண்டாந்து காலடியில கொட்டுறேன், குனிஞ்சுகூடப் பாக்க மாட்டேங்குறாரு.

கொல்லைப்பக்கம் போனாரு. திரும்பி வரும்போது கையில ஒரு கவரு. உள்ள தங்கமீன், கட்டை விரல் நீளம், துறுதுறுன்னு இருந்துச்சு.

"கடையில மிச்சம் இது ஒண்ணுதான். நீல டிரம்முல கிடந்துச்சு. அதுக்குக் குழாய் கிடையாதுல்ல, அதனால தப்பிச்சுது. சுரக்குடிக்காரரு வாங்கிக்க வர மாட்டேன்னுட்டாரு, பேரனுக்குக் கெண்டையே போதுமாம். நீங்க வச்சுக்குங்க."

"எனக்கு வேணாம் பாய்."

"வேற யாருகிட்ட நம்பிக் குடுப்பேன்?"

சட்டைப் பையிலேருந்து பேனாவை எடுத்து, காலண்டர் தாளைக் கிழிச்சு, பின்பக்கம் தேதியைப் போட்டு "ஏழு நாள் பொறுப்பு"ன்னு எழுதுனாரு. அவரு கெளம்பறதுக்கு மூணு நாள்தான் இருந்துச்சு. எழுதி முடிச்சப்புறம் அது அவருக்கே நெனப்பு வந்திருக்கும் போல, பேனாவைப் புடிச்சுக்கிட்டுக் கொஞ்சம் நின்னாரு. "வீட்டுல சொல்லிட்டுப் போறேன், அவுக பாத்துக்குவாக"ன்னாரு. வெளிய சைக்கிள் மணி கேட்டுச்சு. அவரு எட்டிப் பாத்தாரு. அந்தப் பொண்ணு இறங்காம ஒரு காலை ஊணி நின்னுக்கிட்டு இருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் எம்பக்கம் திரும்புனாரு.

கவரை நீட்டுனவரு, குடுக்காம நிறுத்துனாரு.

"தொட்டியில வேற மீன் எதுவும் இல்லையே?"

என் தொட்டியில மீன் இல்லாம வெறும் தண்ணி மட்டும் நின்னு ஒரு மாசம் ஆவுது.

"இல்ல பாய்"ன்னேன்.

"அப்ப சரி"ன்னு கவரை என் கையில குடுத்தாரு.